ஒரே குழாய், ஒரே புண்ணாக்கு: எலுமிச்சைக்கும் கத்தரிக்கும் பராமரிப்பு எங்கே பிரிகிறது?

முற்றத்துமண்:
வணக்கம். மதுரைப் பக்கம், செம்மண். ஆறு வயது எலுமிச்சை ஒன்று, குடை பத்தடி அகலம். அதன் நிழல் முடிகிற இடத்தை ஒட்டி நாலுக்கு எட்டு அடிப் பாத்தியில் எட்டுக் கத்தரி, நட்டு ஐம்பது நாள். மரத்துக்குத் தினமும் ஐந்து நிமிடம், பாத்திக்கு இரண்டு நிமிடம் குழாயைப் பிடிக்கிறேன். மாதம் ஒருமுறை ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் இரண்டுக்கும். எலுமிச்சையில் இலை கரும்பச்சையாக அடர்ந்து நிற்கிறது, பூ மட்டும் இல்லை. கத்தரியில் பூ வந்து கொட்டுகிறது, சில கிளைகளில் நுனி தொங்குகிறது. இரண்டுக்கும் ஒரே குறைதானா?

வட்டப்பாத்தி:
பதில் சொல்ல மூன்று விவரம் வேண்டும். குழாய் ஒரு குடத்தை எவ்வளவு நேரத்தில் நிரப்புகிறது? எலுமிச்சை விதைக் கன்றா, பதியனா, ஒட்டா? புண்ணாக்கு எத்தனை கிலோ?

முற்றத்துமண்:
15 லிட்டர் குடம், சரியாக ஒரு நிமிடம். பதியன் கன்று. புண்ணாக்கு மாதம் 2 கிலோ. மரத்துக்குப் பாதி, பாத்திக்குப் பாதி. பாத்தியில் நடும்போது தொழு உரம் போட்டேன். வேறு எதுவும் இல்லை.

வட்டப்பாத்தி:
உரத்திலிருந்து தொடங்குகிறேன், கோளாறின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 7 சதவீதம். ஒரு கிலோவில் 70 கிராம். கத்தரிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரகங்களுக்குச் சொல்லும் அளவு ஹெக்டேருக்குத் தழை 100, மணி (பாஸ்பரஸ்) 50, சாம்பல் (பொட்டாசியம்) 30 கிலோ. உங்கள் பாத்தி ஏறக்குறைய 3 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் நாற்று நட்டதிலிருந்து பிடுங்கும் வரை அந்தப் பாத்திக்கே 30 கிராம் தழைச்சத்துதான் வேண்டும். நீங்கள் ஒரே மாதத்தில் 70 கிராம் ஊற்றுகிறீர்கள். ஊறவைத்த கரைசல் என்பதால் சத்து சீக்கிரம் கிடைத்துவிடும். செடி தழைக்கும், இலை பெருக்கும், தண்டு மென்மையாகும், காய் பின்வாங்கும். மென்மையான தண்டில் துளைப்பான் புழுவுக்கும் வேலை எளிது.

எலுமிச்சை கதை வேறு. ஆறாம் ஆண்டிலிருந்து மரத்துக்கு வருடம் தழை 600 கிராம், மணி 200, சாம்பல் 300, கூடவே தொழு உரம் 30 கிலோ. உங்கள் புண்ணாக்கு வருடத்துக்கு 840 கிராம் தழை கொடுக்கிறது. மிகுதிதான், ஆனால் கத்தரி அளவுக்குத் தலைக்குமேல் போகவில்லை. அங்கே பெரிய குறை சாம்பல் சத்து. புண்ணாக்கில் அது ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மாதாமாதம் கொடுப்பதும் தவறு. மரம் மாதக் கணக்கில் சாப்பிடுவதில்லை, துளிர்ப்புக் கணக்கில் சாப்பிடும்.

மரத்துக்கு: மார்ச்சில் யூரியா 650 கிராம், அக்டோபரில் 650 கிராம். அக்டோபரில் மட்டும் சூப்பர் பாஸ்பேட் 1¼ கிலோ, பொட்டாஷ் ½ கிலோ, தொழு உரம் 30 கிலோ. அடிமரத்தை விட்டு 70 செ.மீ. தள்ளி, அங்கிருந்து குடை விளிம்பு வரை தூவி, கையால் கிளறி, உடனே தண்ணீர். யூரியா வேண்டாம் என்றால் அதே தழைக்குக் கடலைப் புண்ணாக்கு 8½ கிலோ, இரண்டு பாகமாக. இந்த வருடம் ஏற்கெனவே கொடுத்திருப்பதால் அக்டோபர் வரை தழைச்சத்து எதுவும் கொடுக்காதீர்கள்.

கத்தரிக்கு அடுத்த முறை: நடும் முன் பாத்திக்குத் தொழு உரம் 7½ கிலோ, யூரியா 33 கிராம், சூப்பர் 90 கிராம், பொட்டாஷ் 15 கிராம். முப்பதாம் நாள் இன்னொரு 33 கிராம் யூரியா, செடியிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, மண் அணைத்து, தண்ணீர். முடிந்தது. சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கைப்பிடி என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

கரிசல்காடு:
உரக் கணக்கு சரி. ஆனா அந்த எலுமிச்சை பூக்காததுக்கு முதல் காரணம் தண்ணிதான் ஐயா. தினம் 75 லிட்டர் குடிச்சிட்டு நிக்கிற மரம் எதுக்குப் பூக்கணும்? வேர் காயணும். காஞ்சாத்தான் துளிர் நின்னு பூமொட்டு கட்டும். இப்பவே தண்ணியை நிறுத்துங்க. செம்மண்ணுல மூணு வாரம். இலை லேசா சுருண்டு, பழைய இலை நாலஞ்சு உதிரட்டும். அப்புறம் முதல்ல கொஞ்சமா, அஞ்சு நாள் கழிச்சுக் கூடுதலா, அதுக்கப்புறம் வழக்கம்போல. ஒரு மாசத்துல மொட்டு பாக்கலாம்.

வட்டப்பாத்தி:
> இப்பவே தண்ணியை நிறுத்துங்க

காயப்போடும் முறையில் மாற்றுக் கருத்து இல்லை, காலத்தில்தான். இப்போது சித்திரை. அக்னி நட்சத்திரத்தில் மூன்று வாரம் மதுரைச் செம்மண்ணில் தண்ணீர் நிறுத்தினால் ‘லேசாகச் சுருள்வது’ எந்த நாளில் நுனிக்கிளை காய்வதாக மாறும் என்று சொல்ல முடியாது. நுனி காய்ந்தால் அங்கிருந்து பின்கருகல் கீழே இறங்கும். ஆவணி, புரட்டாசியில் காயப்போட்டு, ஐப்பசி மழையோடு பூக்க விடுவது நல்லது. பூவிலிருந்து காய் பறிக்க ஐந்தாறு மாதம். அப்படியானால் பங்குனி, சித்திரையில் காய் கைக்கு வரும், விலையும் அப்போதுதான் ஏறும். புரட்டாசியிலேயே மழை பிடித்துக்கொண்டால் அந்த வருடம் காயப்போடுவது சரியாக அமையாது. அதற்கு மாற்று வழி கிடையாது, மண்ணை மூடி வைத்தும் வீட்டுத் தோட்டத்தில் பெரிய பலன் இல்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, தினமும் தெளிப்பதை விட்டு வாரம் ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சுவது. பத்தடிக் குடைக்குக் கீழே 7 சதுர மீட்டர் தரை. கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 4 மி.மீ. இழுக்கும், அதாவது 28 லிட்டர். வாரத்துக்கு 200 முதல் 210. உங்கள் குழாயில் 14 நிமிடம். இப்போது வாரம் 525 லிட்டர் போகிறது, அதுவும் மேல்மண் ஒருநாளும் காயாமல். இரண்டு வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள்: முதலில் மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு ஐந்து, பிறகு ஏழு.

தண்ணீர் நிற்கும் வட்டம் அடிமரத்தைத் தொடக்கூடாது. அடிமரத்தைச் சுற்றி ஒன்றரை அடிக்கு மண்ணை மேடாகச் சரித்து அணைத்து, அதற்கு வெளியே வட்டப்பாத்தி எடுங்கள். மேடு கட்டும்போது மண் பட்டைமேல் ஏறக்கூடாது. ஈரம் பட்டையில் நின்றால் கீழ்த்தண்டில் பிசின் கசியும், அது பைட்டாப்தோரா பூஞ்சை. மரம் ஒரே வருடத்தில் சாகாது, மூன்று நான்கு வருடம் மெலிந்து சாகும். அதனால்தான் யாரும் அதைத் தண்ணீரோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

கரிசல்காடு:
ஆவணி வரைக்கும் பொறுக்கலாம்னா நல்லதுதான். ஆனா ஒண்ணு, நம்ம ஊருல எலுமிச்சை வருஷம் பூரா அங்கொண்ணு இங்கொண்ணு பூக்கும். அடியோட பூ இல்லேன்னா வெயிலையும் பாருங்க. பக்கத்துல மாடிச்சுவரோ வேம்போ மறைக்குதா? ஆறு மணி நேரம் நேர் வெயில் இல்லாத மரத்துக்கு என்ன காயப்போட்டாலும் இலைதான்.

கத்தரிக்கு மட்டும் இந்த வித்தையைக் காட்டிடாதீங்க. கத்தரி காஞ்சா பூ உதிரும், காய் கசக்கும், தோல் தடிச்சிடும். மூணு நாளுக்கு ஒருக்கா 60 லிட்டர், அதாவது நாலு நிமிஷம், கோடைக்குப் போதும். விரலை மூணு அங்குலம் மண்ணுல விட்டுப் பாருங்க. உள்ள ஈரம் இருந்தா அன்னைக்கு விடாதீங்க. வைக்கோலோ காஞ்ச சருகோ ரெண்டங்குலம் பரப்புனா நாலு நாள் தாங்கும். எலுமிச்சைக்கும் மூடாக்கு போடலாம், ஆனா அடிமரத்தைத் தொடாம.

நூற்புழு_விரட்டி:
நுனி தொங்குவதை யாரும் எடுக்கவில்லை. கத்தரியில் வாடல் நாலு விதம், நாலுக்கும் மருந்து வேறு. செடி முழுக்க நலமாக இருந்து ஒரு கிளையின் நுனி மட்டும் தொங்கினால் தண்டுத் துளைப்பான். செடி முழுவதும் பச்சையாக இருக்கும்போதே ஒன்றிரண்டு நாளில் சாய்ந்தால் பாக்டீரியா வாடல். அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டித் தெளிந்த தண்ணீர்க் குவளையில் தொங்கவிடுங்கள், சில நிமிடங்களில் பால் போல இழை இறங்கினால் அதுதான். உச்சி வெயிலில் வாடி மாலையில் நிமிர்ந்தால் தண்ணீர்க் குறை அல்லது வேரில் கோளாறு. ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, வேர் கடிபட்டிருந்து இலை விளிம்பும் அரை வட்டமாக அரிக்கப்பட்டிருந்தால் சாம்பல் கூன்வண்டின் புழு.

உங்களுடையது முதல் வகைதான். தொங்கும் நுனியை, துளைக்கு ஓரங்குலம் கீழே வெட்டுங்கள். வெட்டியதைப் பிளந்தால் வெளிறிய இளஞ்சிவப்புப் புழு இருக்கும். இல்லையென்றால் இன்னும் கீழே வெட்ட வேண்டும். வெட்டியதைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், எருக்குழியில் போட்டால் அங்கேயே கூட்டுப்புழுவாகிவிடும். வாரம் இருமுறை, தவறாமல். காய் வந்தபின் புழு நுனியை விட்டுக் காய்க்குப் போகும். காய்க்காம்புத் தொப்பிக்கு அடியில் நுழைவதால் நுழைந்த துளை தெரியாது. நீங்கள் பார்க்கிற பெரிய ஓட்டை புழு வெளியேறிய ஓட்டை. அதைப் பார்த்து மருந்தடிப்பதில் பயனில்லை. ஓட்டைக் காயைச் செடியிலேயே விட்டுவைக்கவும் வேண்டாம்.

இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று வையுங்கள், செடி உச்சிக்குச் சற்று மேலே. மருந்துக் குப்பியை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். ஆண் அந்துப்பூச்சியை மட்டுமே பிடிக்கும். எட்டுச் செடிக்கு அது பாதுகாப்பைவிட எச்சரிக்கை மணிதான்: பூச்சி விழத் தொடங்கியதும் வெட்டும் வேலையைத் தீவிரமாக்கலாம்.

தெளிப்புக்கு வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம். லிட்டருக்கு 50 கிராம் கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, ஒட்டுவதற்குக் காதி சோப்பு ஒரு கிராம். மாலையில் அடியுங்கள், வெயிலில் வீரியம் போய்விடும், பகலில் பூவுக்கு வரும் தேனீக்கும் கெடுதல். பத்து நாளுக்கு ஒருமுறை.

இங்கேதான் மரமும் காய்ச்செடியும் உண்மையாகப் பிரிகின்றன. காத்திருப்புக் காலம் (மருந்தடித்ததிலிருந்து பறிக்கும் வரை) பத்து நாள் என்று எழுதிய ரசாயன மருந்தைக் கத்தரியில் அடிக்கவே முடியாது, நாலைந்து நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டிய காய் அது. எலுமிச்சையில் காய் மாதக் கணக்கில் தொங்குகிறது, காத்திருக்கலாம். ஆனால் அங்கே பெரும்பாலும் அடிக்கத் தேவையே இல்லை. இலைச் சுரங்கப்புழு வெள்ளிக் கோடு போட்டுத் துளிரைச் சுருட்டினால் பதறிக் கிள்ளாதீர்கள். ஆறு வயது மரம் அதைத் தாங்கும், சுருண்ட இலையும் உணவு தயாரிக்கும். மூன்று வயதுக்குக் குறைந்த கன்றென்றால் துளிர் விரல் நீளம் வந்ததும் ஒன்றும், பத்து நாளில் இன்னொன்றுமாக வேப்பஞ்சாறு.

மாடித்தோட்டக்காரி:
பூச்சியைப் பற்றி ஒரு சேர்க்கை. எலுமிச்சை இலையில் பறவை எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையாக ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தபின் பச்சையாகிவிடும், கண்ணுக்குத் தப்பும். பக்கத்தில் கறிவேப்பிலையோ வில்வமோ இருந்தால் அதிலும் தேடுங்கள், அதே புழுதான். கையால் பொறுக்கினால் போதும்.

இப்போது பூ உதிர்வு. முற்றத்துமண், உதிர்ந்த கத்தரிப் பூவை எடுத்து நடுவில் பாருங்கள். மஞ்சள் மகரந்தப் பைகளுக்கு மேலே சூல்முடி நீட்டிக்கொண்டிருக்கிறதா, உள்ளே புதைந்திருக்கிறதா? ஒரே கத்தரிச் செடியில் நீண்ட சூல்தண்டுப் பூவும் குட்டைச் சூல்தண்டுப் பூவும் வரும். குட்டை வகை காய் பிடிக்காது, உதிரத்தான் செய்யும். கொத்தாக வரும் பூவில் ஒன்று நின்று மற்றவை உதிர்ந்தால் அது குறையே இல்லை. நீண்ட சூல்முடிப் பூவும் உதிர்ந்தால்தான் காரணம் தேட வேண்டும்: 35 டிகிரிக்கு மேலான வெயில், மிதமிஞ்சிய தழைச்சத்து, இலைப்பேன், தண்ணீர் ஏறி இறங்குவது. உங்கள் பாத்தியில் முதல் இரண்டும் இருக்கின்றன. அடுத்த பதினைந்து நாள் வெறும் தண்ணீர் மட்டும் விடுங்கள். மதியத்தில் 50 சதவீத நிழல்வலை கட்டினால் கோடைப் பூ கொஞ்சம் நிற்கும்.

முற்றத்துமண்:
அக்கா, பார்த்தேன். உதிர்ந்த ஒன்பதில் ஆறு குட்டை. மீதி மூன்று நீளம். பாத்தி மரத்தை ஒட்டியே இருப்பது சரியா? களை கொத்தும்போது எலுமிச்சை வேர் நிறைய வருகிறது.

மாடித்தோட்டக்காரி:
அந்த வேர்தான் மரத்துக்குச் சோறு. எலுமிச்சையின் சல்லி வேர் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடியில்தான், அதுவும் குடை விளிம்பை ஒட்டி, விளிம்பைத் தாண்டியும். கத்தரிப் பாத்தியை ஒவ்வொரு பருவமும் முக்கால் அடி கொத்திப் புரட்ட வேண்டும். எலுமிச்சைக்கு அடியில் மண்வெட்டியே போடக்கூடாது. இந்த இரண்டு வேலையும் ஒரே மண்ணில் நடக்காது. வெட்டுப்பட்ட வேரில் பூஞ்சை ஏறும். குடை விளிம்பிலிருந்து குறைந்தது நாலடி தள்ளுங்கள். மரத்தடிக் களையைக் கையால் பிடுங்குங்கள் அல்லது அரிவாளால் தரைமட்டமாக அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள்.

கரிசல்காடு:
மரம் சின்னதா இருக்கிற முதல் ரெண்டு மூணு வருஷம் இடையில காய்கறி போடுறது எல்லாரும் செய்யறதுதானே. அதுல குத்தமில்லை.

வட்டப்பாத்தி:
பதினைந்து, பதினெட்டு அடி இடைவெளியில் நட்ட தோப்பில், வட்டப்பாத்திக்கு வெளியே, உளுந்து, தட்டைப்பயறு, கொத்தவரை. அதில் குற்றமில்லை. கத்தரி வேறு: ஐந்து மாதம் நிற்கும், மூன்று நாளுக்கொருமுறை தண்ணீர் கேட்கும். மரத்தைக் காயப்போட வேண்டிய ஆவணியில் கத்தரியும் அதே மண்ணில் நின்றால் ஏதாவது ஒன்றைப் பலி கொடுக்க வேண்டும். பயறு என்றால் ஆவணிக்குள் பறித்து முடித்துவிடலாம்.

சுன்னாகம்_தோட்டம்:
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். எங்கட பக்கம் அடியில சுண்ணாம்புக் கல்லு, கிணத்துத் தண்ணியும் உவர். தேசி (எலுமிச்சை) மரத்தில புது இலை சின்னனா, நரம்பு மட்டும் பச்சையா, இடையில மஞ்சளா வருது. அதே தண்ணியில கத்தரி நல்லா நிக்குது. பசளை (உரம்) கூட்டிப் பாத்தும் மாறேல்லை. என்ன குறை?

வட்டப்பாத்தி:
புது இலையில் நரம்பு பச்சை, இடை மஞ்சள், இலையும் சிறுத்தால் துத்தநாகக் குறை. இலை சிறுக்காமல் நரம்பு மெல்லிய பச்சை வலையாகத் தெரிந்து மற்றதெல்லாம் வெளிறினால் இரும்பு. பழைய இலையில் காம்புப் பக்கம் பச்சை முக்கோணமாக நின்று நுனிப் பக்கம் மஞ்சளானால் மக்னீசியம். உங்கள் மண்ணில் இவை இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மண்ணில் கார அமில நிலை ஏறிவிடுவதால் வேரால் இழுக்க முடியவில்லை. அதனால்தான் பசளை கூட்டியும் மாறவில்லை. மண்ணில் துத்தநாகத்தைக் கொட்டினாலும் அது பூட்டிக்கொள்ளும். இலைவழி கொடுங்கள்.

ஒரு லிட்டருக்குத் துத்தநாக சல்பேட் 5 கிராம், மக்னீசியம் சல்பேட் 5, இரும்பு சல்பேட் 2½, மாங்கனீசு சல்பேட் ½, போராக்ஸ் 1. துத்தநாக சல்பேட் தனியாக அடித்தால் இளந்துளிர் கருகும், எனவே 2½ கிராம் நீற்றுச் சுண்ணாம்பைத் தனியே கரைத்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும். துளிர் இலை விரிந்து முழு அளவுக்கு வந்தும் இன்னும் முற்றாமல் இருக்கும்போது, காலை அல்லது மாலை, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முற்றிய இலை உள்ளே வாங்காது, அது பழைய மஞ்சளாகவே உதிரும். அடுத்த துளிரில்தான் மாற்றம் தெரியும்.

கத்தரி தாங்குவதற்குக் காரணம் உண்டு. அதன் ஆயுளே ஐந்தாறு மாதம், ஒவ்வொரு முறையும் புதுத் தொழு உரம் கலந்த மேல்மண்ணில் வேர் விடுகிறது. எலுமிச்சை வருடக்கணக்காக அதே சுண்ணாம்பு அடுக்கில் நிற்கிறது, உவர்த் தண்ணீரின் உப்பும் அங்கேயே சேருகிறது.

நூற்புழு_விரட்டி:
சுன்னாகம் அண்ணா, மருந்து அடிக்க முன்னம் ஒன்று பாருங்கள். இலையை நடு நரம்பில் இரண்டாக மடியுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சள் என்றால் வட்டப்பாத்தி ஐயா சொன்ன சத்துக் குறை. ஒரு பக்கம் ஒரு திட்டு, மறு பக்கம் வேறு திட்டு, காயும் கோணலாகச் சிறுத்து வந்தால் கிரீனிங் நோயாக இருக்கலாம். அது துளிரில் உட்காரும் சில்லிடு என்ற சின்னப் பூச்சியால் பரவும். அதற்குத் தெளிப்பு எதுவும் குணம் தராது, மரத்தை எடுத்துவிடுவதுதான் பக்கத்து மரங்களுக்கு நல்லது. கறிவேப்பிலையிலும் அந்தப் பூச்சி பெருகும்.

சுன்னாகம்_தோட்டம்:
ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான். துத்தநாகம் அடிச்சுப் பாக்கிறன். நன்றி.

முற்றத்துமண்:
வெட்டுவதைப் பற்றியும் சொல்லுங்கள். எலுமிச்சையில் உள்ளிருந்து நேராக ஐந்தடிக்குக் கொழுத்த கிளைகள் போகின்றன. கத்தரியையும் கவாத்து செய்ய வேண்டும் என்கிறார்களே?

கரிசல்காடு:
அது போத்து. முள்ளு பெருசா, இலை அகலமா, பட்டை முக்கோணமா இருக்கும். தழைச்சத்து கூடுனா நிறைய வரும். பூக்காது, சத்தை மட்டும் இழுக்கும். அடியோட சீவி எடுங்க. அரையடி விட்டு வெட்டுனா அந்த அரையடியில மூணா பிரியும். தரையிலிருந்து ரெண்டடி உயரம் வரைக்கும் அடிமரம் சுத்தமா இருக்கட்டும். காஞ்ச கிளை, ஒண்ணோடொண்ணு உரசுற கிளை எடுங்க. அவ்வளவுதான். எலுமிச்சையை மல்லிகை மாதிரி மொட்டையடிச்சா ஒரு வருஷக் காய் போச்சு, பட்டையும் வெயில்ல வெடிக்கும். இந்த மாச வெயில்ல போத்து மட்டும் எடுங்க, மத்தது ஆடி மாசம் பாத்துக்கலாம்.

கத்தரிக்குக் கவாத்தெல்லாம் தேவையில்லை. முதல் கவைக்குக் கீழே வர்ற பக்கத் துளிரையும் மண்ணுல படுற இலையையும் கிள்ளுனா காத்தோட்டம் கிடைக்கும். காய் பெருத்த ரகம்னா ஒரு குச்சி நட்டுக் கட்டுங்க.

அஞ்சு மாசம் காய்ச்சு ஓஞ்ச பிறகு மறுதாம்பு விடலாம். தரையிலிருந்து அரையடி, முக்காலடி விட்டுச் சாய்வா வெட்டி, தொழு உரம் செடிக்கு ரெண்டு கை, யூரியா 4 கிராம், தண்ணி. மூணு வாரத்துல தழைஞ்சு, ரெண்டு மாசத்துக்குள்ள மறுபடி காய்.

நூற்புழு_விரட்டி:
மறுதாம்பை எனக்குப் பிடிக்காது, கண்மூடித்தனமாகப் பரிந்துரைக்கவே கூடாது. நோயில்லாத செடி என்றால் விடலாம். இலை மிகவும் சிறுத்துக் கொத்தாகத் தழைத்தால் அது சிற்றிலை நோய், தத்துப்பூச்சியால் பரவுவது. அந்தச் செடி இனிப் பூக்காது, வெட்டிவிட்டாலும் அதே சிற்றிலைதான் தழையும். வேரோடு பிடுங்க வேண்டும். வேர் முடிச்சு இருக்கும் செடியை மறுதாம்பு விடுவது நூற்புழுவுக்கு இன்னும் நாலு மாதம் விருந்து வைப்பதாகும். துளைப்பானும் பழைய செடியிலிருந்து பக்கத்துப் புது நாற்றுக்கு நேராகத் தாவும்.

கத்தரி எடுத்த பாத்தியில் தக்காளி, மிளகாய் வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், வாடலும் நூற்புழுவும் பொது. வெண்டையும் நூற்புழுவுக்குப் பிடித்த செடிதான். கீரை, வெங்காயம், சோளம் என ஒரு வருடமாவது மாற்றுங்கள். இடையில் இரண்டு மாதம் துலுக்கச் சாமந்தி நெருக்கமாக நட்டு அங்கேயே மடக்கி விட்டால் நூற்புழு குறையும். நடும் குழிக்கு வேப்பம் புண்ணாக்கு 50 கிராம், நடுவதற்குப் பத்து நாள் முன்பே. எலுமிச்சையை இப்படி இடம் மாற்ற முடியாது என்பதால்தான் அதில் வேர் நோய் வராமல் பார்த்துக்கொள்வது முக்கியம், வந்தபின் செய்ய அதிகம் இல்லை.

முற்றத்துமண்:
போத்து வெட்டிய காயத்துக்கு என்ன பூசுவது? சில இலையிலும் முள்ளிலும் பழுப்புச் சொறி மாதிரி, சுற்றி மஞ்சள் வளையத்தோடு இருக்கிறது.

வட்டப்பாத்தி:
அது சொறி நோய், பாக்டீரியா. மழைச் சாரலாலும் இலைச் சுரங்கப்புழு போட்ட காயம் வழியாகவும் பரவும். பாதிக்கப்பட்ட குச்சிகளை மழைக்கு முன் வெட்டி எரித்துவிட்டு ஒரு சதவீதப் போர்டோ கலவை அடியுங்கள். வீட்டளவுக்கு 10 லிட்டர்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை 5 லிட்டர் தண்ணீரில், நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு 5 லிட்டரில். இரண்டும் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம், இரும்பு கூடாது. சுண்ணாம்புக் கரைசலில் துத்தக் கரைசலை மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும், எதிர்மாறாக அல்ல. கலந்தபின் இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்குங்கள். செம்பு நிறம் ஒட்டினால் துத்தம் மிகுதி, இலை கருகும், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அன்றே அடித்து முடியுங்கள், மறுநாளைக்கு ஆகாது. துளிர் மிக இளசாக இருக்கும்போது வேண்டாம்.

காயத்துக்குப் போர்டோ பசை: துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், மொத்தத் தண்ணீர் ஒரு லிட்டர். அதே பசையைத் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை அடிமரத்தில் மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பூசினால் பிசின் நோய்க்கும் காப்பு.

மாடித்தோட்டக்காரி:
பறிப்பதிலும் ஒரு வார்த்தை. கத்தரியின் மினுமினுப்பு மங்கினால் விதை முற்றிவிட்டது. ஒரு முற்றல் காயைச் செடியில் விட்டால் அடுத்த பூ தள்ளிப்போகும். காம்போடு கத்தரிக்கோலால் நறுக்குங்கள், இழுத்தால் கிளை கிழியும். எலுமிச்சைக்கு அந்த அவசரம் இல்லை. கரும்பச்சை வெளிறி, தோல் வழவழப்பாகிச் சாறு கட்டியதும் எடுக்கலாம், மஞ்சளாகும் வரை நாட்கணக்கில் விட்டும் வைக்கலாம். கோடை வறட்சிக்குப் பின் திடீரென்று பெருமழை பெய்தால் மட்டும் காய் வெடிக்கும், அதற்கு முன் பறித்துவிடுங்கள்.

முற்றத்துமண்:
கடைசியாக ஒன்று. அடுப்புச் சாம்பல் நிறைய இருக்கிறது. சாம்பல் சத்து குறை என்றீர்களே, எலுமிச்சைக்கு அதைப் போடலாமா?

வட்டப்பாத்தி:
விறகுச் சாம்பலா, கரிச்சாம்பலா? விறகு என்றால் செம்மண்ணில் மரத்துக்கு வருடம் ஒரு கிலோவைத் தாண்டாமல், தொழு உரத்தோடு கலந்து போடலாம். சாம்பல் காரத்தன்மை உள்ளது, அதனால் யூரியாவோடு ஒரே நாளில் வேண்டாம். தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். சுன்னாகம் நண்பரின் சுண்ணாம்பு மண்ணில் ஒரு பிடிகூட வேண்டாம். கத்தரியில் காலைப் பனி ஈரத்தோடு இலைமேல் லேசாகத் தூவினால் புள்ளிவண்டு சில நாள் அண்டாது, மழை பெய்தால் திரும்பத் தூவ வேண்டும். நிலக்கரிச் சாம்பல் என்றால் இரண்டுக்குமே போடாதீர்கள்.